கீறல் ஆறும் மேசைகள்

சென்னை மாநில அரசு 1959-ல் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. அதன் தலைப்பிலேயே மூன்று சரக்குகளின் பெயர் இருந்தது: குடிக்க முடியாதபடி நஞ்சு கலந்த ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ். வார்னிஷுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'பிரெஞ்சு பாலிஷ்' என்று விளக்கமும் சேர்த்திருந்தார்கள். கீறலும் கறையும் படாமல் இருக்க மேசைக்கும் பீரோவுக்கும் தேய்க்கிற பாலிஷ், கள்ளச்சாராயத்தைப் பிடிக்கிற சட்டத்துக்குள் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி தொடங்கிவைத்த மதுவிலக்கு, 1948-ல் மாகாணம் முழுவதற்கும் பரவியது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடிய பிறகு, குடியை விட முடியாதவர்களின் கண் தச்சுப் பட்டறைப் பக்கம் திரும்பியது. பிரெஞ்சு பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அந்த ஸ்பிரிட்டுக்காக வார்னிஷைக் குடித்துக் கண் போனவர்களும் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு. ஆகவே சட்டத்தின் பார்வை பட்டறை மேலும் விழுந்தது. நாள் முழுக்க மேசைக் கால்களோடு மல்லுக்கட்டிய பாலிஷ்காரரும் தன் பாட்டிலுக்குப் பதில் சொல்ல வேண்டிய காலம் வந்தது.

திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வடக்கே மதுரை சாலையில் இருக்கிறது தச்சநல்லூர். தச்சரைப் பெயரிலேயே வைத்திருக்கும் இந்த ஊர், இன்று மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று. இங்கிருந்து ஜங்ஷன், டவுன், பாளையங்கோட்டை, மேற்கே அம்பாசமுத்திரம் வரை தாமிரபரணிக் கரையோரமாகப் போனால், மரச்சாமானின் மேற்பரப்பைக் காப்பாற்ற மனிதர்கள் கையாண்ட வழிகள் அத்தனையும் ஒரே பள்ளத்தாக்கில் கிடைக்கும். அவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். மரத்தின் மேல் எதுவும் உரசாதபடி இடையில் ஒன்றை வைப்பது ஒரு வகை. உரசித்தான் ஆகும், கீறல் விழத்தான் செய்யும், விழுந்த பிறகு அதை ஆற்றிக்கொள்ளலாம் என்கிற பூச்சு இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைதான் பெரிய அறிவு. வீடுகளிலிருந்து அது வேகமாக மறைந்துகொண்டிருக்கிறது.

மேசையும் நாற்காலியும் பழைய தமிழ் வீட்டுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாதவை. உட்கார்ந்ததும் உண்டதும் படுத்ததும் தரையில். மரம் என்றால் வாசல் நிலை, கதவு, தூண், உத்தரம், ஊஞ்சல் பலகை, கட்டில், பெட்டகம். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் தொங்கும் ஊஞ்சல் பலகைகளுக்கு வார்னிஷ் தேவைப்பட்டதில்லை. இரண்டு மூன்று தலைமுறை வேட்டியும் சேலையும் உரசி உரசி, உடம்பின் எண்ணெய் ஏறி ஏறி, தேக்குப் பலகை தானாகவே கண்ணாடி போல ஆகிவிட்டது. அவ்வப்போது ஒரு துணியில் தேங்காயெண்ணெயைத் தொட்டுத் துடைத்துவிடுவார்கள். எண்ணெய் மரத்துக்குள் இறங்குமே தவிர மேலே தோலாக நிற்காது. அதனால் அது கீறலைத் தடுக்காது. விழுந்த கீறலின் வெளுப்பை மட்டும் மறைக்கும். அந்தக் காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

சமையற்கட்டில் கதை வேறு. அடி உருண்ட மண்பானையும் வெண்கலப் பானையும் நேராக நிற்காது. நின்றாலும் கீழே கரியைப் பூசும். அதற்கு வைக்கோலையோ நாரையோ பிரித்து வளையமாகச் சுற்றிய பிரிமணை இருந்தது. பானையைத் தரையிலிருந்தும் தரையைப் பானையிலிருந்தும் ஒரே நேரத்தில் காத்த பொருள் அது. பனை நிறைந்த தெற்கு நெல்லையில் ஓலையில் முடைந்த தடுக்கு உட்காரவும் ஆயிற்று, சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கவும் ஆயிற்று. இன்று கடைகளில் 'டேபிள் மேட்' என்று விற்பதன் வேலை முழுவதையும் காசில்லாமல் செய்துவந்தவை இவை.

கட்டில் சட்டத்துக்கு மேலே விரிந்தது பாய். சேரன்மகாதேவியை அடுத்த பத்தமடையில் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் நெய்த கோரைப்பாய், தாமிரபரணி இல்லாமல் உருவாகியிருக்க முடியாது. கோரை ஆற்றோரத்தில் வளர்கிறது. அதைக் கீறி, மெலிதாக்கி, ஓடுகிற நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நூலைப் பாவாக வைத்து நெய்கிறார்கள். பட்டு போல மடியும் நயமான பாய் கல்யாணச் சீரில் இடம்பிடித்தது. முரட்டுப் பாய் கட்டிலிலும் திண்ணையிலும் உழைத்தது. பாய் கிழிந்தால் பாயை மாற்றினார்கள், மரம் அப்படியே இருந்தது. 'இடையில் ஒன்றை வைக்கிற' வழியின் மிக அழகான வடிவம் இதுதான்.

மேற்பூச்சுக்கான சரக்கோ மலையிலேயே இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளைக் குங்கிலிய மரத்தின் பிசினைச் சூடான எண்ணெயில் கலந்து செய்த வார்னிஷை, 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தாவரவியலாளர்கள் 'பைனி வார்னிஷ்' என்று எழுதிவைத்தார்கள். மலபார் பக்கம் அதற்கு நல்ல பெயர். கருங்குங்கிலியம் என்பது வேறு மரம். குற்றாலத்தைச் சுற்றி அது மிகுதியாக இருந்ததையும், பிசின் எடுப்பதற்காகவே அந்த மரங்கள் முறையாகக் குத்தகைக்கு விடப்பட்டதையும் அதே காலத்து நூல்கள் குறிப்பிடுகின்றன. மரத்தில் ஒட்டியிருக்கும்போது பளபளக்கும் கறுப்பு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தேன் நிறம். அருவிக்கும் சாரலுக்கும் பெயர் வாங்கிய குற்றாலத்தின் இன்னொரு சரக்கு வார்னிஷ் பிசின் என்பது இன்று அந்த ஊருக்குள்ளேயே பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஆனால் மரத்துக்குத் தோல் போர்த்துவதில் இந்தப் பள்ளத்தாக்கின் உண்மையான தேர்ச்சியைப் பார்க்க அம்பாசமுத்திரத்துக்குப் போக வேண்டும். அங்கே குழந்தைகளுக்காகச் செய்த சொப்புச் சாமான்கள் - சின்ன அடுப்பு, சின்னப் பானை, சின்ன உரல், சின்னத் திருகை - கடைசல் பட்டறையில் பிறந்தவை. சுழலும் மரத்தின் மேல் நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உரசலில் எழும் சூடே அரக்கை உருக்கி மரத்தில் பரப்பிவிடும். தூரிகை வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம், காயக் காத்திருக்கவும் வேண்டாம். நொடிப்பொழுதில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு கடினமான தோல் ஏறிவிடுகிறது. குழந்தை வாயில் வைத்தாலும் கெடுதல் இல்லை. மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேல் இன்றும் பூசப்படுவது இதே அரக்கின் சுத்தமான வடிவம்தான்.

இந்தக் கடைசல் முறைக்கு வயது அதிகம். 1580-களில் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், இந்தியர்கள் கட்டில் கால்களைக் கடைந்து, சுழலும்போதே அரக்கை வைத்து நிறமேற்றுவதைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய் எழுதினார். அவருடைய புத்தகம் 1596-ல் வெளிவந்தது. ஐரோப்பியர்கள் நம்முடைய மரவேலையில் கண்டு அசந்தது செதுக்கலை மட்டுமல்ல, அந்தப் பளபளப்பையும்தான்.

அரக்கு நெல்லையில் விளைவதில்லை. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மேற்கு வங்கம் ஆகிய இடங்களின் காடுகளில் பலாசு, இலந்தை, குசும் மரக்கிளைகளில் மொய்க்கும் ஒரு சிறு பூச்சி, சாற்றை உறிஞ்சித் தன்னைச் சுற்றிக் கசியவிடும் பிசின் அது. அதர்வ வேதத்திலேயே அரக்கைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. பாண்டவர்களை எரிக்க எழுப்பிய அரக்கு மாளிகையைத் தமிழ்நாட்டில் தெருக்கூத்து பார்த்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளையோடு ஒட்டியது கொம்பரக்கு. அதைச் சுரண்டி, நொறுக்கி, கழுவி, நீண்ட துணிப்பைக்குள் அடைத்து, நெருப்புக்கு முன்னால் பிடித்து முறுக்குவார்கள். துணியின் வழியே வடிந்த பாகை ஒரு தொழிலாளி கையாலும் காலாலும் பல்லாலும் பற்றி இழுத்து மெல்லிய விரிப்பாக ஆக்குவார். ஆறியதும் உடைத்தால் தேன் நிறத் தகடுகள். அதுதான் அவலரக்கு, மேலைநாட்டார் ஷெல்லாக் என்பதும் அதையே.

கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் அரக்கைத் தேடியது சாயத்துக்காக. பூச்சியிலிருந்து வரும் சிவப்பு, துணிக்கு வேண்டியிருந்தது. 1856-க்குப் பிறகு செயற்கைச் சாயங்கள் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அதற்குள் அரக்கின் பிசினுக்கு இன்னொரு சந்தை திறந்திருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் பெயர் பெற்று, 1820-களில் இங்கிலாந்துக்குள் பரவிய முறை அது: அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டலத்தால் மரத்தில் நூற்றுக்கணக்கான முறை தேய்ப்பது. லண்டன் வீடுகளின் பியானோவும் சாப்பாட்டு மேசையும் கண்ணாடியாக மின்னத் தொடங்கின. இந்தியக் காட்டுப் பிசின் பிரெஞ்சுப் பெயரோடு இந்தியாவுக்கே திரும்பி வந்தது.

வருவதற்கு இங்கே மேசை வேண்டுமே. மேசை வந்தது கச்சேரிக்கும் பள்ளிக்கும் மிஷன் பங்களாவுக்கும். 1820-ல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு திருச்சபைப் பள்ளிகள் பெருகின. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் 1843-ல் திறக்கப்பட்டு, ஆற்றின் இரு கரைகளையும் இணைத்தது. அலுவலகங்கள் பெருகப் பெருக சாய்வு மேசை, அலமாரி, கோப்பு ரேக், சுழல் நாற்காலி என்று ஒரு புதிய மரச்சாமான் உலகமே உருவானது. 1876-ல் ரயில் திருநெல்வேலிக்கு வந்தது. 1904-ல் செங்கோட்டை மலையைக் குடைந்து கொல்லம் வரை தண்டவாளம் போனது. மலைக்கு அந்தப் பக்கத்துத் தேக்கும் தோதகத்தியும் இந்தப் பக்கம் வர இன்னொரு பாதை கிடைத்தது. செங்கோட்டையின் மரக்கடைகளுக்கு இன்றும் பெயர் நிலைத்திருக்கிறது.

கையும் தயாரானது. ஆர்தர் மர்காஷிஸ் பாதிரியார் 1878-ல் நாசரேத்தில் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அப்போது நாசரேத் திருநெல்வேலி ஜில்லாவுக்குள் இருந்தது. பஞ்சத்தின் சுவடு ஆறாத அந்த ஆண்டுகளில் அநாதைப் பிள்ளைகளின் கையில் ஒரு தொழிலைக் கொடுப்பது அவருடைய நோக்கம். அப்படிக் கொடுத்த தொழில்களில் தச்சும் ஒன்று. பரம்பரையாக உளி பிடித்த ஆசாரிமாருக்கு வெளியிலும் மேசை நாற்காலி செய்யத் தெரிந்த ஒரு கூட்டம் இப்படி உருவானது.

பிரெஞ்சு பாலிஷ் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு நயமான உப்புத்தாள். எப்போதும் ரேகை போகும் திசையில். குறுக்கே ஒரு இழு இழுத்தாலும் அந்தக் கோடு கடைசிப் பூச்சு வரை காட்டிக்கொடுக்கும். பிறகு மரத்தின் நுண்துளைகளை அடைக்க, சாக்குப்பொடியில் காவியோ வேறு நிறமோ கலந்து தேய்ப்பது. அவலரக்கை முந்தின இரவே கண்ணாடி பாட்டிலிலோ பீங்கானிலோ ஸ்பிரிட்டில் ஊறப்போட்டிருப்பார்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது, அரக்கு கறுத்துவிடும்.

அப்புறம் பஞ்சுப் பொட்டலம். நன்றாக வெளுத்துத் தேய்ந்த பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்து முடிந்தது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், நூல் உதிரும். பொட்டலம் அரக்கைக் குடித்துக்கொள்ளும், அழுத்தினால் மட்டும் கசியும். பிடிக்காமல் வழுக்கிப் போக அதன் அடியில் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். முதலில் வட்டம் வட்டமாக, அடுத்து எட்டுப் போட்டாற்போல, கடைசியில் நேர்கோட்டில். நடுவில் கை நிற்கவே கூடாது. நின்றால் அந்த இடத்தில் ஸ்பிரிட் கீழே உள்ள பூச்சைக் கரைத்து, துணி ஒட்டிக்கொண்டு பிய்த்துவிடும். விமானம் தரையைத் தொட்டு மேலெழுவது போல ஓரத்திலிருந்து வழுக்கி ஏறி மறு ஓரத்தில் வழுக்கி இறங்க வேண்டும். ஒரு பூச்சு காய்ந்து அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு நல்ல மேசைக்குப் பல நாள் ஆகும்.

வானமும் ஒத்துழைக்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு வெளுத்துப் பால் போல மங்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பாலிஷ் வேலை எடுப்பது கை நட்டம். ஆனி ஆடியில் தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கும்போது அங்கும் அதே கதை. அந்த மாதங்களில் மலையின் மழை மறைவில் காய்ந்து கிடக்கும் திருநெல்வேலியின் வறண்ட காற்று, இந்த வேலைக்கு வரப்பிரசாதம். ஊரை வாட்டும் வெயில் பாலிஷ்காரருக்குக் கூட்டாளி.

இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய பூச்சு மிக மெல்லியது, ஓரளவு மென்மையானதும்கூட. சாவிக்கொத்து கோடு போடும். சுடு டம்ளர் வெள்ளை வளையம் பதிக்கும். அரக்கு இளகத் தொடங்குவது ஏறத்தாழ 75 டிகிரியில், நல்ல ஃபில்டர் காபியின் சூடு அதற்கு வெகு கீழே இல்லை. டவராவுக்குத் திருநெல்வேலி வீடுகளில் இருந்த மரியாதைக்குக் காபியை ஆற்றுவது மட்டும் காரணமில்லை. "டவராவோட வைல" என்ற அதட்டல் மேசைக்காகவும் எழுந்ததுதான்.

அதைவிடப் பெரிய எதிரி வெற்றிலைச் செல்லத்துக்குள் இருந்தது. அரக்கு காரத்தில் கரையும். சோப்புத் தண்ணீர், சோடா, சுண்ணாம்பு எல்லாமே அதற்கு ஆகாதவை. வெற்றிலைக்குத் தடவிய விரலை மேசை ஓரத்தில் துடைக்கிற பழக்கமுள்ள வீட்டில், அந்த ஓரம் சொறி பிடித்ததுபோல ஆகிவிடும். சுண்ணாம்பு டப்பாவின் அடியில் வெற்றிலைக் காம்பையோ துண்டுத் துணியையோ வைத்துப் பழகியவர்கள் மேசையை நீண்ட நாள் வைத்திருந்தார்கள்.

இத்தனை பலவீனமுள்ள பூச்சை நூறு ஆண்டுக்கு மேல் உலகமே ஏன் கொண்டாடியது? பழைய அரக்கும் புதிய அரக்கும் ஒன்றாகக் கலந்துவிடும் என்பதுதான் காரணம். காய்ந்து எத்தனை வருடமானாலும் ஸ்பிரிட் பட்டால் அரக்கு மறுபடியும் இளகும். கீறல் விழுந்த இடத்தில், ஸ்பிரிட்டில் லேசாக நனைத்துப் பிழிந்த பொட்டலத்தை ஒரு முறை ஓட்டினால், பக்கத்திலிருக்கும் அரக்கு இளகி வந்து பள்ளத்தை மூடும். ஆழமான கீறலென்றால் அரக்குக் குச்சியை உருக்கி ஊற்றிச் சமமாக்கி மேலே இரண்டு பூச்சு. வெள்ளை வளையம் பெரும்பாலும் ஈரம் மேலோடு சிக்கியதால் வருவது. கைதேர்ந்தவர் கையில் சில நிமிட வேலை. எங்கே பழுது பார்த்தார் என்று தேடினாலும் தெரியாது. சில வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன்னால், பாலிஷ்காரர் வீட்டுக்கே வந்து முற்றத்தில் சாமானைப் போட்டுக்கொண்டு உட்காருவார். ஸ்பிரிட் வாடை தெருமுனை வரை வரும். மேசைக்கு அது மறுபிறப்பு.

வீட்டுப் பெண்கள் தங்கள் பங்குக்கு முதல் வழியை விடாமல் வைத்திருந்தார்கள். பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் மேசை மேல் ஒரு லேஸ் விரிப்பு இல்லாமல் இருந்தால் அது வீடாகவே தோன்றாது. அந்த லேஸுக்கும் இந்த மண்ணில் வரலாறு உண்டு. நாகர்கோவிலுக்கு 1819-ல் வந்த மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்து, அம்மாவின் கைவேலையை அந்தத் தேரிக்காட்டுக் கிராமத்தில் விதைத்தார். திருவிதாங்கூரில் அடிமைத்தளையில் இருந்த பெண்கள் லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையைப் பெற்றார்கள் என்பது மிஷன் வரலாற்றில் பதிவான செய்தி. மேசையில் ரேடியோ பெட்டிக்கு அடியிலும் பூச்சாடிக்கு அடியிலும் கிடந்த அந்த வெள்ளைப் பின்னலைக் கீறல் காப்பு என்று மட்டும் சொன்னால், அதைப் பின்னிய விரல்களுக்கு அது நியாயமாகாது.

அரக்கு இன்னொரு வேடத்திலும் நெல்லை வீட்டுக்குள் வந்தது. 78 சுற்று இசைத்தட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரக்கு. மீதி கல்பொடியும் பஞ்சிழையும் கரியும். கிராமபோன் கம்பெனி 1908-ல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை வைத்தது. 1906-ல் செங்கோட்டையில் பிறந்து 1933-ல் இளம் வயதிலேயே மறைந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் இன்று நமக்குக் கிடைப்பது அந்த அரக்குத் தட்டுகளின் புண்ணியத்தில். கிராமபோன் பெட்டிக்கு அரக்குப் பாலிஷ், உள்ளே அரக்குத் தட்டு. ஆனால் பெட்டியில் விழுந்த கீறலை ஆற்ற முடிந்தது, தட்டில் இரும்பு ஊசி போட்ட கீறலை ஆற்ற முடியவில்லை. சொன்னதையே சொல்பவரைக் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று தமிழ் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

இரண்டாம் உலகப்போரில் அரக்கின் மதிப்பு வெளிப்பட்டது. போர்த்தளவாடங்களுக்கும் அது தேவைப்பட்டதால், 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு இசைத்தட்டுக் கம்பெனிகள் பயன்படுத்தும் அரக்கை எழுபது சதவீதம் வெட்டியது. பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி உருக்கினார்கள். 1924-லேயே ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் அமைந்திருந்தது. ஆனாலும் மாற்றுப்பொருள் தேடும் வெறி மேலைநாடுகளைப் பிடித்துவிட்டது. போர் முடிந்ததும் இசைத்தட்டு வினைலுக்கு மாறியது. மரச்சாமான் பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கும், பிறகு மெலமைனுக்கும், பாலியூரித்தேனுக்கும் மாறியது.

இங்கே மாற்றத்தின் பெயர் சன்மைக்கா. அதன் மூதாதையான, அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஓகானரும் ஃபேபரும் 1913-ல் தொடங்கிய ஃபார்மிகா கம்பெனியின் சரக்கு முதலில் மின்சாதனங்களில் மைக்காவுக்குப் பதிலாக வந்தது. பிசினில் ஊறிய காகிதங்களை அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கி, மேலே மெலமைன் பூசினால் மேசைக்கான தகடு தயார். கொதிக்கிற பாத்திரத்துக்கும் சுண்ணாம்புக்கும் சோப்புக்கும் அது அசைந்துகொடுக்காது. சமையற்கட்டு மேடைக்கும் ஓட்டல் மேசைக்கும் அது வந்தது நல்லதே. நாளுக்கு நூறு பேர் சாப்பிட்டு எழுகிற மேசையில் அரக்குப் பாலிஷ் ஒரு வாரம் தாங்காது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த இலையைப் போடுகிற வசதியை யாரும் குறைத்துப் பேச முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சன்மைக்காவின் படம் அச்சான மேல்தாள் ஒருமுறை கீறிவிட்டால், அடியிலுள்ள பழுப்புக் காகிதம் வெளியே தெரியும். அதை ஆற்ற வழியில்லை. தகட்டையே பெயர்க்க வேண்டும். பாலியூரித்தேன் பூச்சும் காய்ந்தபின் எந்த ஸ்பிரிட்டுக்கும் இளகாது. கடினம் என்பதால் கீறல் குறைவுதான், ஆனால் விழுந்தால் அந்தப் பலகை முழுவதையும் தேய்த்தெடுத்து மீண்டும் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். பழைய பூச்சும் புதிய பூச்சும் கூடுவதில்லை. அதனால்தான் கீறிய சாமான் தெருவுக்கு வருகிறது, புதிய சாமான் லாரியில் வருகிறது. தேக்குப் பீரோவைப் பழைய சாமான் கடைக்குத் தள்ளிவிட்டு, ஈரம் பட்டால் உப்பிவிடும் பார்ட்டிகிள் போர்டு அலமாரியைத் தவணையில் வாங்குவது திருநெல்வேலியிலும் நடக்கிறது. பார்க்கவே நெஞ்சு பொறுக்கவில்லை.

அலுவலகங்களில் இடைக்காலமாக ஒரு வழி ஆண்டது: மேசை முழுவதற்கும் கண்ணாடி. அடியில் பச்சைத் துணியோ ரெக்சினோ; கண்ணாடிக்கும் அதற்கும் இடையில் காலண்டர் தாள், டெலிபோன் நம்பர், பிள்ளையின் பள்ளிக்கூடப் படம், திருச்செந்தூர் முருகன். மேசையை இவ்வளவு பாசத்தோடு காத்த பொருள் வேறில்லை. பாலிஷ் மேசையில் கண்ணாடியை நேரடியாகப் போட்டால் ஈரம் சிக்கிப் பூச்சோடு ஒட்டிக்கொள்ளும் என்பது தெரிந்தவர்கள், நான்கு மூலையிலும் சிறிய ரப்பர் துண்டோ கம்பளித் துண்டோ வைப்பார்கள். இன்று நாற்காலிக் காலுக்கு அடியில் ஒட்டுகிற ஃபெல்ட் வட்டமும் அதே யோசனையின் பேரப்பிள்ளைதான். டைல்ஸ் தரை வந்த பிறகு கீறலுக்குப் பயப்படுவது தரையின் முறையாகிவிட்டது.

பிரெஞ்சு பாலிஷ் முழுவதும் அழிந்துவிடவில்லை. கித்தார், வயலின் செய்கிற நாடுகளில் அது இன்னும் உயர்ந்த பூச்சாகவே மதிக்கப்படுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குச் செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குச் சாமான் வந்து சேர்கிறது. துடைத்துப் பாலிஷ் போட்டால் அதற்கு நல்ல விலை. கையில் பொட்டலம் பிடித்த பாலிஷ்காரர் தச்சநல்லூரிலும் பாளையங்கோட்டையிலும் தேடினால் கிடைக்கலாம், ஆனால் தேட வேண்டியிருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சு படிக்கும் பிள்ளைகளுக்கு ஸ்ப்ரே துப்பாக்கியோடு இந்தப் பொட்டலத்தையும் பிடிக்கச் சொல்லித்தருவது பெரிய செலவான காரியம் அல்ல. அவலரக்கு இன்றும் கிடைக்கிறது. அதை உலகத்துக்கு அனுப்புகிற முதன்மையான நாடுகளில் ஒன்று இந்தியா.

வீட்டில் தாத்தா காலத்து மேசையோ பீரோவோ இருந்தால், தேய்த்தெடுக்க ஆளைக் கூப்பிடும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பின்பக்கமோ காலின் உட்புறமோ, வெளியே தெரியாத ஓர் இடம் பார்த்து, பஞ்சில் ஒரு சொட்டு மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைத் தொட்டு வைக்க வேண்டும். பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. அரை நிமிடத்தில் அந்த இடம் பிசுபிசுத்து, பஞ்சில் தேன் நிறம் ஏறினால், மேலே இருப்பது அரக்கு. அந்தச் சாமானை உப்புத்தாள் போட்டு மரம் வரை சுரண்ட வேண்டாம். தூசியைத் துடைத்து, ஸ்பிரிட் தொட்ட பொட்டலத்தால் பழைய பூச்சை எழுப்பி, அதன் மேலேயே புதிய அரக்கை ஓட்டத் தெரிந்த ஒருவர் போதும். பஞ்சில் எதுவும் ஏறாமல் அந்த இடம் அப்படியே இருந்தால், அது பின்னாளில் யாரோ அடித்த லாக்கரோ பாலியூரித்தேனோ. அதற்குப் பழுது பார்க்கும் வழி வேறு, செலவும் வேறு.